யாரிடமும் சொல்ல முடியலையா? டைரியிடம் சொல்லுங்க!

மனதில் இருப்பதைக் கொட்டித் தீர்க்க ஓர் ஆள் வேண்டும். ஆனால், சொன்னது ஊருக்குள் பரவிவிடவும் கூடாது. அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் எம்.ரெட்டியபட்டி போன்ற ஊர்களில் இருப்பவர்களுக்கு இந்தச் சங்கடம் நன்றாகவே புரியும். பேச ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால், காலையில் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னது, சாயங்காலம் மாமியார் காதுக்கு வந்துவிடும்.

துபாஷிக்கும் அதே கவலை

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் துபாஷியாக இருந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. பணமும் செல்வாக்கும் நிறைந்தவர். ஆனால், ஆளுநரின் மனைவி மீதிருந்த கசப்பை வெளியே காட்ட முடியுமா? 1748-ல் வேதபுரீஸ்வரர் கோயிலை பிரெஞ்சுக்காரர்கள் இடித்தபோதும், அவர்களிடமே வேலை பார்த்தவரால் என்ன செய்ய முடியும்? அந்தக் கசப்பும் துக்கமும் அவருடைய நாட்குறிப்பில்தான் இறங்கின. 1736 முதல் 1761-ல் இறப்பதற்குச் சில நாள்கள் முன்புவரை தமிழில் எழுதினார். இன்று அது வரலாற்று ஆவணம். அன்று அவருக்கு அது மனம்விட்டுப் பேசும் இடமாகவும் இருந்தது.

ஆம்ஸ்டர்டாமில் நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்து வாழ்ந்த சிறுமி ஆன் ஃபிராங்க், 13-வது பிறந்தநாளில் கிடைத்த டைரியைத் தோழியாகவே நினைத்தாள். 'கிட்டி' என்று பெயர் வைத்து, கடிதம் போலவே எழுதினாள்.

எழுதினால் என்ன ஆகும்?

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர், 1986-ல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து 4 நாள்கள், தினமும் 15 நிமிடங்கள் எழுதவைத்தார். தங்களை மிகவும் பாதித்த சம்பவத்தையும், அதுபற்றிய உணர்வுகளையும் எழுதியவர்கள், அடுத்த 6 மாதங்களில் மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. ஆனால், எழுதி முடித்த உடனே அவர்களுக்கு வருத்தம் கூடியிருந்தது. அதனால், முதல் நாள் அழுகை வந்தால் பயப்பட வேண்டாம்.

எப்படித் தொடங்கலாம்?

40 பக்க நோட்டு போதும். எழுத்துப்பிழை, அழகான கையெழுத்து பற்றிய கவலையே வேண்டாம். 'இன்று சண்டை வந்தது' என்பதோடு நிறுத்தாமல், 'அப்போது எனக்கு எப்படி இருந்தது' என்பதையும் எழுதுங்கள். வீட்டில் யாராவது படித்துவிடுவார்கள் என்ற பயமா? எழுதிவிட்டுக் கிழித்துப் போடுங்கள். செல்போனில் எழுதினால் லாக் போட மறக்காதீர்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளையின் டைரியை ரகசியமாகப் பிரித்துப் படிக்காதீர்கள். ஒருமுறை தெரிந்துவிட்டால், அதன்பிறகு அவர்கள் டைரியிலும் மனதைத் திறக்க மாட்டார்கள். கவலையாக இருந்தால் நேரடியாகவே கேளுங்கள்.

எழுதியும் பாரம் குறையவில்லை, தூக்கம் வரவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றுகிறதா? டைரியோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். மத்திய அரசின் 'டெலி மானஸ்' இலவச எண் 14416-க்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.