பட்டியலில் ஏறாத சரக்கு

மதிப்பிற்குரிய இராணுவத் தலைமைத் தளபதி அவர்களுக்கு,



தெற்கு சூடானில் ஐ.நா. கொடியின் கீழ் ஓராண்டு இருந்துவிட்டு ஊர் திரும்பும் நம் காலாட்படை பட்டாலியன், அடுத்து வரும் பட்டாலியனிடம் எதை ஒப்படைக்கிறது? ஜெனரேட்டர், தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம், கூடாரம், வயர்லெஸ் செட், வெள்ளை வண்டி. எல்லாவற்றையும் எண்ணி, ஓட்டிக் காட்டி, கையெழுத்து வாங்கி ஒப்படைக்கிறது. குவார்ட்டர்மாஸ்டர் பிரிவில் சுபேதாராக இருந்து அந்தக் கையெழுத்துகளை வாங்கியவன் நான். அந்த வேலையில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் ஓராண்டு முழுக்க அந்த ஊரைப் பற்றியும் ஆட்களைப் பற்றியும் நம் ஜவான்கள் தெரிந்துகொண்டது எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை. அது அவர்களோடு விமானம் ஏறிப் போய்விடுகிறது. இந்த மடல் அதைப் பற்றித்தான்.

தெற்கு சூடான் தனி நாடான 2011 ஜூலை 9 அன்றே இந்த ஐ.நா. படைப்பணியும் தொடங்கியது. ஜோங்கிலே பகுதியில் போர் (Bor) என்ற ஊர், பிபோர், அகோபோ, வடக்கே நைல் கரையில் மலக்கால் என்று நம் ஆட்கள் நின்ற இடங்கள் உங்களுக்குத் தெரியும். இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். எங்கள் கம்பெனி பிபோரில் இருந்தது. அங்கே மண் கரிசல். கோவில்பட்டிக்காரனுக்கு அந்த மண்ணைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. மழை விழுந்துவிட்டால் வண்டிச் சக்கரம் உருளாது, சேற்றைச் சுற்றிக்கொண்டு நின்றுவிடும். ஏறக்குறைய மே முதல் அக்டோபர் வரை சாலை என்பது வரைபடத்தில் மட்டும்தான் இருக்கும். ரேஷன், டீசல், மருந்து, தபால் எல்லாமே ஹெலிகாப்டரை நம்பித்தான். விமானத் திடலில் தண்ணீர் நின்றால் அதுவும் இல்லை.

வெளிநாட்டுப் பணி என்றதும் ஊரில் எல்லோரும் சண்டையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். உண்மையில் அந்த வாழ்க்கையில் பெரும்பகுதி தண்ணீரோடும் டீசலோடும் கொசுவோடும் போகிறது. விடியுமுன் ஸ்டாண்ட்-டூ, அதாவது ஆயுதத்தோடு தயார் நிலை. பொழுது புலர்ந்ததும் லங்கரில் (சமையற்கூடத்தில்) தேநீர், பூரி. ஒரு குழு ரோந்துக்குக் கிளம்பும். ஒரு குழு கரை கட்டும், வடிகால் வெட்டும். ஒரு குழு சென்ட்ரியில் நிற்கும். மழைக்காலத்தில் மணல் மூட்டை அடுக்குவது அன்றாட உடற்பயிற்சி. மாலை ஐந்தரைக்குப் பிறகு முழுக்கைச் சட்டை கட்டாயம். மலேரியா மாத்திரையை நாங்கள் கண்ணெதிரே விழுங்க வைப்போம். ஐ.நா. ஒப்பந்தக்காரர் தரும் உறைந்த கோழியையும் கோதுமை மாவையும் வைத்துக்கொண்டு லங்கர் கமாண்டர் செய்த சாகசங்களைத் தனியாகத்தான் எழுத வேண்டும். தென்னாட்டுப் பையன்கள் கிட் பேக்கின் அடியில் புளியும் மிளகாய்த்தூளும் ஒளித்துக் கொண்டுவந்திருந்தார்கள். சோதனையில் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் விட்டவர்களில் நானும் ஒருவன்.

இரவு எட்டு மணிக்கு இணைய வரிசை. தெற்கு சூடான் 2021 பிப்ரவரியில் தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிய பிறகு, அங்கே எட்டு மணி என்றால் நம் ஊரில் பதினொன்றரை. குழந்தை தூங்கியிருக்கும், மனைவி பாதித் தூக்கத்தில் பேசுவாள். அதனால் இப்போது போயிருக்கிற பையன்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் பேசப் பார்க்கிறார்களாம்.

ஐ.நா. ஆய்வாளர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து நம் பொருட்களைச் சரிபார்ப்பார்கள். வண்டிகளில் பத்துக்கு ஒன்பதாவது ஓடும் நிலையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் இந்தியாவுக்கு வர வேண்டிய பணத்தில் பிடித்தம். கழிவறை, சலவை, சமையலறை, தீயணைப்பான் என்று ஒவ்வொன்றுக்கும் படிவம் உண்டு. ஒரு வீரனுக்கு மாதம் 1,428 டாலர் என்று 2018-இல் ஐ.நா. நிர்ணயித்த தொகை அப்போது நம் அரசுக்குப் போனது. ஜவான் கையில் ஐ.நா. நேராகத் தரும் தினப்படி 1.28 டாலர். (எங்கள் பையன்களுக்கு அந்த 1.28 ஒரு நிரந்தர நகைச்சுவை. அதைக் கூட்டச் சொல்லி வேறொரு மடல் எழுதலாம், இது அதற்கானது அல்ல.) நான் சொல்ல வருவது, அங்கே எண்ணக்கூடியதெல்லாம் எண்ணப்படுகிறது என்பது. எத்தனை ரோந்து போனோம், எத்தனை கிலோமீட்டர் என்பதுவரை மாதாந்திர அறிக்கையில் ஏறும்.

ஆனால் ரோந்து என்பது கிலோமீட்டர் அல்லவே, ஐயா. விறகுக்குப் போகும் பெண்களுக்குத் துணையாகப் பாதையில் நிற்பது ரோந்து. மாட்டுப் பட்டியில் மரத்தடியில் உட்கார்ந்து, மொழிபெயர்ப்பாளர் வழியாக ஒன்றரை மணி நேரம் சுற்றி வளைத்துப் பேசி, நேற்று இரவு எந்தப் பக்கமிருந்து ஆட்கள் வந்தார்கள் என்று கடைசி ஐந்து நிமிடத்தில் தெரிந்துகொள்வது ரோந்து. பிபோரில் முர்லே மக்கள். அவர்களுக்கும் லோ நுவேர், டிங்கா மக்களுக்கும் இடையே மாடு கவர்வதும் பழி தீர்ப்பதும் தலைமுறைகளாக நடக்கிறது. அங்கே மாடுதான் சீர், மாடுதான் சேமிப்பு, மாடுதான் அபராதம். முர்லே இளைஞர்களுக்குள்ளேயே வயதுக் குழுக்கள் உண்டு, அவற்றுக்குள்ளும் சண்டை உண்டு. எந்தக் குழுவுக்கும் எந்தக் குழுவுக்கும் இப்போது ஆகாது, எந்தப் பெரியவர் சொன்னால் கேட்பார்கள், எந்த மாதத்தில் மந்தை எந்த ஆற்றோரம் போகும் என்பதெல்லாம் தெரியாமல் வெள்ளை வண்டியில் அந்த ஊருக்குள் போய் வருவது வெறும் டீசல் செலவு.

எங்கள் கம்பெனியில் கம்பம் பக்கத்து நாயக் ஒருவன் இருந்தான். மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்வான். சுழி பார்ப்பான். முதல் சில ரோந்துகளில் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காத பட்டிக்காரர்கள், அவன் ஒரு காளையின் திமிலைத் தட்டிப் பார்த்துத் தலையசைத்ததும் அவனைச் சுற்றி நின்றார்கள். மொழி வேண்டியிருக்கவில்லை. அதன்பின் அவன் இல்லாமல் அந்தப் பக்கம் ரோந்து போவதை எங்கள் கம்பெனி கமாண்டரே விரும்பவில்லை. போர் நகரிலும் மலக்காலிலும் நம் கால்நடை மருத்துவர்கள் சம்பாதித்த மரியாதைக்கும் இதுதான் காரணம். ஒரு பசுவைக் காப்பாற்றியவனிடம் மனம் விட்டுப் பேசுவார்கள். ஆண்டு முடிந்தது, நாயக் போய்விட்டான். அவனுக்குத் தெரிந்த பட்டிகள், பெயர் சொல்லி அழைத்த ஆட்கள், யாரிடம் எதைக் கேட்கக் கூடாது என்ற கூறு, எல்லாம் கம்பத்துக்குப் போய்விட்டன.

கைமாற்றம் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். சில வாரங்களுக்குள் பல விமானங்களில் புதியவர்கள் இறங்குகிறார்கள், பழையவர்கள் ஏறுகிறார்கள். ஒரு கம்பெனி முகாமில் பழைய கம்பெனியும் புதிய கம்பெனியும் சேர்ந்திருப்பது சில நாட்கள்தான். அந்த நாட்கள் ஆயுதம் எண்ணுவதிலும் டீசல் அளப்பதிலும் போகின்றன. நானே அப்படித்தான் போக்கினேன், எனக்கு இடப்பட்ட கட்டளை அது. புதிய கேப்டன் ஊர்ப் பெரியவரைப் பார்க்கப் போவார். அந்தப் பெரியவர், கெட்டுப்போன ஆழ்துளைக் கிணற்றின் கதையை ஆண்டுக்கு ஒரு கேப்டன் என்று வரிசையாகப் பலரிடம் சொல்லி அலுத்தவர். இவர் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்வார். அந்த நோட்டுப் புத்தகமும் ஓராண்டில் விமானம் ஏறும்.

பிபோரில் நம் பட்டாலியன்களின் நினைவு எங்கே இருக்கிறது தெரியுமா, ஐயா? உள்ளூர் மொழிபெயர்ப்பாளரிடம். ஒவ்வொரு இந்தியக் கம்பெனியையும் பார்த்தவர் அவர் ஒருவர்தான். நல்ல மனிதர், உழைப்பாளி. ஆனால் அவரும் ஓர் இனத்தவர், அவருக்கும் அந்த ஊரில் உறவும் பகையும் உண்டு. 2013 டிசம்பரில் உள்நாட்டுப் போர் வெடித்தபோது அவரைப் போன்ற உள்ளூர் ஊழியர்களும் இனத்தின் பெயரால் உயிருக்கு அஞ்சி ஓடினார்கள். படையின் அறிவை முழுவதும் ஒருவர் தலையில் வைத்துவிட்டு, அவர் ஓடவேண்டிய நாளில் கையைப் பிசைந்து நிற்பது சரியான ஏற்பாடு அல்ல.

2013 ஏப்ரல் 9 அன்று ஜோங்கிலேயில் ஐ.நா. வண்டித் தொடரோடு போன நம் வீரர்கள் ஐந்து பேர் பதுங்கித் தாக்கப்பட்டு இறந்தார்கள். லெப்டினன்ட் கர்னல் மஹிபால் சிங் அவர்களில் ஒருவர். அதே ஆண்டு டிசம்பர் 19 அன்று அகோபோ முகாமை ஆயிரக்கணக்கில் வந்த ஆயுதக் கும்பல் சூழ்ந்தது. உள்ளே தஞ்சம் புகுந்திருந்த பொதுமக்களோடு நம் வீரர்கள் இருவரும் கொல்லப்பட்டார்கள். இந்த இறப்புகளை நான் சொல்லும் குறையின் தலையில் கட்டவில்லை. அப்படிச் செய்வது அந்த வீரர்களுக்கு அவமரியாதை. ஆனால் அவ்வளவு சிறிய முகாமில், அவ்வளவு தூரத்தில், உதவி வருமுன் நம் பையன்களுக்குக் கைகொடுக்கக்கூடியது துப்பாக்கிக்கு அடுத்தபடியாக முன்கூட்டித் தெரிந்த செய்தி ஒன்றுதான்.

என் கோரிக்கை பெரிதல்ல. கம்பெனி முகாம் ஒவ்வொன்றிலும், வெளியே போய்ப் பழகிய ஒரு ஜே.சி.ஓ. (சுபேதார் நிலையினர்), இரண்டு மூன்று என்.சி.ஓ.க்கள் (ஹவில்தார், நாயக் நிலையினர்) தங்கள் பட்டாலியன் போன பிறகும் இரண்டு மாதம் தங்கட்டும். புதியவர்களோடு ரோந்து போய், ஆளுக்கு ஆள் அறிமுகம் செய்து வைத்துவிட்டுத் திரும்பட்டும். புதிய பட்டாலியன் டில்லியில் பயிற்சி எடுக்கும்போதே, பழைய பட்டாலியனிலிருந்து இன்னும் இரண்டு பேரை முன்கூட்டி வரவழைத்துப் புதியவர்கள் முன் உட்கார வையுங்கள். 2000 முதல் இயங்கும் நம் ஐ.நா. அமைதிப்படைப் பயிற்சி மையம் அதிகாரிகளுக்கு நன்றாகவே பாடம் நடத்துகிறது. ஆனால் பட்டியில் போய் நிற்பவன் ஹவில்தார். அவனுக்கு இன்னொரு ஹவில்தார் சொல்வதுதான் ஏறும். முகாமில் ஓர் ஊர்ப் பதிவேடு இருக்கட்டும். பெரியவர்கள், பட்டிகள், தண்ணீர் இடங்கள், கொடுத்த வாக்குகள், அவற்றில் நிறைவேறாதவை எல்லாம் அதில் இருக்கட்டும். ஆயுதப் பதிவேட்டைப் போல அதையும் எண்ணிக் கையெழுத்திட்டு வாங்கும் கட்டளையை நீங்கள் இடுங்கள்.

மறுப்பு வரும் என்று தெரியும். தன் ஆட்களைப் பின்னால் விட்டுவிட்டு ஊர் திரும்ப எந்த சி.ஓ.வுக்கும் (பட்டாலியன் தலைவருக்கும்) மனம் வராது. பல்டன் (பட்டாலியன்) ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்ப வேண்டும் என்பது நம் இஸ்ஸத், நம் மானம். இதனால்தான் கம்பெனி கம்பெனியாக ஆறு மாத இடைவெளியில் மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. அது பட்டாலியனைக் கிழித்துவிடும். ஒரு முகாமுக்கு மூன்று நான்கு பேர் என்பது கிழிசல் அல்ல. ஓராண்டு முடித்தவனை இன்னும் இரண்டு மாதம் வீட்டைப் பிரித்து வைப்பது கொடுமை என்பார்கள். அது உண்மைதான். ஆகவே தானாக முன்வருபவனை மட்டும் வையுங்கள், அதற்கான படியையும் விடுப்பையும் கூட்டிக் கொடுங்கள். முன்வருவார்கள். கம்பத்து நாயக்கிடம் கேட்டிருந்தால் அவன் இருந்திருப்பான், எனக்குத் தெரியும்.

2025 அக்டோபரில் பணப் பற்றாக்குறையால் அமைதிப்படைகளில் நான்கில் ஒரு பங்கை ஐ.நா. குறைக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. தெற்கு சூடானும் அதில் சேர்த்தி. இனி குறைந்த ஆட்கள், குறைந்த ஹெலிகாப்டர், அதே கரிசல், அதே மழை. இந்த நிலையில் ஒவ்வொரு ஆண்டும் முதல் சில மாதங்களை ஊரைப் புதிதாகப் படிப்பதில் கழிக்க நம் பட்டாலியன்களால் முடியாது. அடுத்த பட்டாலியன் புறப்படுமுன் இந்தக் கட்டளையில் கையெழுத்திடுங்கள், ஐயா.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர்