கர்ப்ப காலமும் தாம்பத்தியமும்: வெட்கம் வேண்டாம், விவரம் வேண்டும்

கூலி உயர்வைப் பற்றிப் பேசுகிறோம். ரேஷன் அரிசியைப் பற்றியும் வீட்டுமனைப் பட்டாவைப் பற்றியும் மணிக்கணக்காகப் பேசுகிறோம். ஆனால் உழைப்பாளி வீடு ஒவ்வொன்றிலும் எழுகிற ஒரு கேள்வி வந்தால் மட்டும் நம் வாய் அடைத்துப் போகிறது. மனைவி கர்ப்பமாக இருக்கும்போது கணவனும் மனைவியும் கூடலாமா? பிள்ளை பெற்ற பிறகு எப்போது கூடலாம்? அதை முடிவு செய்வது யார்?

"இதெல்லாம் பத்திரிகையில் எழுதுகிற சங்கதியா?" என்று சில தோழர்கள் முகம் சுளிக்கக்கூடும். நாம் திருப்பிக் கேட்கிறோம்: வேறு எங்கே எழுதுவது? பணக்காரன் வீட்டுப் பெண்ணுக்குச் சொந்த டாக்டர் உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு நிதானமாகக் கேட்க நேரமும் உண்டு. செங்கத்தில் நாற்று நடுகிறவளுக்கும், செய்யாறு சிப்காட்டில் செருப்பு தைக்கிறவளுக்கும் அது உண்டா? ஆரம்ப சுகாதார நிலையத்தில் முன்னால் நீண்ட வரிசை, பின்னால் மாமியார். அங்கே நின்று இதைக் கேட்க எந்தப் பெண்ணுக்கு நாக்கு எழும்? கேட்காத கேள்விக்குப் பதில் வராது. பதில் வராத இடத்தில் வதந்தி குடியேறுகிறது.

முதல் வதந்தி: "கர்ப்பத்தில் கூடினால் பிள்ளைக்கு அடிபடும்." சாதாரணமான, சிக்கலில்லாத கர்ப்பத்தில் இது உண்மையல்ல. பிள்ளை கர்ப்பப்பைக்குள், பனிக்குடத்து நீரில் மிதக்கிறது. கர்ப்பப்பையின் வாயைக் கெட்டியான சளி அடைத்திருக்கிறது. ஆகவே மனைவிக்கு விருப்பம் இருந்தால், வயிற்றில் பாரம் விழாமல் பார்த்துக்கொண்டால், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் இரத்தம் பட்டாலும், பனிக்குடம் உடைந்தாலும், நஞ்சு கீழே இறங்கிக் கர்ப்பப்பை வாயை மறைத்திருக்கிறது என்று ஸ்கேனில் சொன்னாலும், குறைமாதப் பிரசவம் ஆகலாம் என்று டாக்டர் எச்சரித்தாலும், கூடவே கூடாது. அது டாக்டரின் உத்தரவு. அதில் கணவனின் அபிப்பிராயத்துக்கு இடமில்லை. வெளியூர் போய் நோய் வாங்கி வந்திருக்கலாம் என்ற சந்தேகம் ஒரு ஆணுக்கு இருந்தால், பரிசோதனை செய்துகொள்ளும்வரை அவன் ஒதுங்கியே இருக்க வேண்டும். அந்த நோய் தாயை மட்டுமல்ல, வயிற்றுப் பிள்ளையையும் தாக்கும்.

இரண்டாவது வதந்தி: "பத்து நாள் ஆனால் போதும், உடம்பு தேறிவிடும்." தேறாது. நஞ்சு பிரிந்த இடம் கர்ப்பப்பைக்குள் ஒரு பச்சைப் புண். அது ஆறும்வரை நான்கு முதல் ஆறு வாரம் இரத்தப்போக்கு இருக்கும். அந்தக் காலத்தில் கிருமி உள்ளே போவது சுலபம். கீழே தையல் போட்டிருந்தால் அதுவும் ஆற வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் சுமார் 45 ஆபரேஷன் மூலம் நடந்தவை. வயிற்றைக் கிழித்துத் தைத்த பெண்ணை "பத்து நாள் ஆயிற்றே" என்று பார்ப்பது மனிதத்தனமா? பொதுவாக டாக்டர்கள் ஆறு வாரம் பொறுக்கச் சொல்கிறார்கள்.

அதற்காக நாற்பத்திரண்டாம் நாள் பூட்டு தானாகத் திறந்துகொள்ளும் என்று எண்ண வேண்டாம். பால் கொடுக்கும் காலத்தில் உடம்பு வறண்டிருக்கும், கூடும்போது வலிக்கும். இரவெல்லாம் பிள்ளை அழுகிறது, தூக்கமில்லை. சில தாய்மார்களுக்கு மனச்சோர்வு வந்து வாரக்கணக்கில் நீடிக்கிறது. அது திமிருமல்ல, பேயுமல்ல. வைத்தியம் பார்க்க வேண்டிய நோய். இந்த நிலையில் அவள் "இன்னும் வேண்டாம்" என்றால், அது கணவன் மீது வெறுப்பு என்று அர்த்தமல்ல. அணைத்துப் படுப்பதும், பிள்ளையை வாங்கி ஒரு மணி நேரம் தோளில் போடுவதும் தாம்பத்தியம்தான்.

மூன்றாவது வதந்திதான் நம் ஜனங்களை அதிகம் ஏமாற்றுகிறது: "பால் கொடுக்கிறவரை பிள்ளை தங்காது." இதில் பாதி உண்மை உண்டு. பிள்ளைக்கு ஆறு மாதம் நிறையாமல் இருக்க வேண்டும். இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும். மாதவிலக்கு திரும்பாமல் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்திருந்தால் பாதுகாப்பு நன்றாகவே உண்டு. ஒன்று தவறினாலும் இல்லை. களை எடுக்கப் போகிற தாய் பகலெல்லாம் பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுப் புட்டிப்பால் கொடுக்கச் சொன்னால், அந்தப் பாதுகாப்பு போயிற்று. மாதவிலக்கு வருவதற்கு முன்பே கரு தங்கிவிடலாம். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் இடையே குறைந்தது 24 மாதம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. இடைவெளி குறைந்தால் இரத்தசோகையில் தாய் நலிகிறாள், பிள்ளை குறைமாதத்தில் பிறக்கிறது.

இதற்கு வழி இல்லாமலில்லை. ஆணுறை உண்டு. பிரசவமான 48 மணி நேரத்துக்குள் அரசு ஆஸ்பத்திரியிலேயே இலவசமாகக் காப்பர்-டி போட்டுக்கொள்ளலாம். மாத்திரை என்றால் பால் கொடுப்பதைச் சொல்லி டாக்டரிடம் கேட்டு வாங்க வேண்டும். இனிப் பிள்ளை வேண்டாம் என்று முடிவானால் ஆண் செய்துகொள்ளும் ஆபரேஷன் மிகச் சிறியது. அன்றே வீடு திரும்பலாம். ஆண்மையும் போகாது, மூட்டை தூக்கும் பலமும் போகாது. ஆனால் நடப்பது என்ன? அதே கணக்கெடுப்பில், கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் நூற்றுக்குச் சுமார் 58. ஆண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை, ஆயிரத்துக்கு ஒருவர்! சுமப்பதும் அவள், பெறுவதும் அவள், கத்திக்குப் படுப்பதும் அவளா?

ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டுப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பும் வழக்கத்தை நாம் குறை சொல்லவில்லை. எந்த எஜமானும் தராத ஓய்வை அவளுக்குத் தந்தது அந்த வழக்கம்தான். ஆனால் இன்று செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் குடும்பத்தோடு புறப்படுகிறவர்களுக்குத் தாய்வீடு ஏது? புருஷன், மாமியார், பெரிய பிள்ளைகள், பச்சைக் குழந்தை எல்லோரும் ஒரே குடிசையில். வழக்கம் விட்டுப்போன இடத்தில் அறிவு வந்து நிற்க வேண்டும்.

1919-ம் ஆண்டிலேயே சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் ஆலையில் பெண்ணை வேலை வாங்கக் கூடாது என்று தீர்மானித்தது. 1961-ம் ஆண்டு இந்தியச் சட்டமும் அந்த ஆறு வாரத்தைத் தடை செய்தது. சம்பளத்துடன் கூடிய விடுப்பு 2017-ல் 26 வாரமாயிற்று. இவை தொழிலாளி வர்க்கம் போராடிப் பெற்ற உரிமைகள். வயல் கூலிப் பெண்ணுக்கு இந்த விடுப்பு எட்டவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான உதவித்தொகை, 2018-ல் ரூ. 18,000 ஆக உயர்ந்ததுதான் அவளுக்கு உள்ள ஆதாரம். அது தவணை தவறாமல் வந்தால்தான் நாற்பதாம் நாளே அவள் களைக்கொத்தைத் தூக்காமலிருப்பாள். இதற்காக நாம் போராட வேண்டும், போராடுவோம்.

ஆனால் தோழர்களே, முதலாளியிடம் ஆறு வாரம் கேட்கிற நாம், வீட்டுக்குள் அதே ஆறு வாரத்தை மனைவிக்குக் கொடுக்கிறோமா? பகலில் சங்கக் கொடி பிடித்து, இரவில் கடையில் குடித்துவிட்டு, பச்சை உடம்புக்காரியிடம் "நான் உன் புருஷன்" என்று அதிகாரம் செய்தால், அவனுக்கும் எஜமானுக்கும் என்ன வித்தியாசம்? மனைவியைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்துவதும் குடும்ப வன்முறையே என்று 2005-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் மனசாட்சி சொல்ல வேண்டாமா?

நமது திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்தன்று மாலை, மலையில் ஜோதி ஏறும் வேளையில், அர்த்தநாரீசுவரர் சில நிமிஷம் வெளியே வந்து காட்சி தருகிறார். அதைக் காண லட்சோப லட்சம் ஜனங்கள் கூடுகிறார்கள். அம்மைக்கு அப்பன் உடம்பில் பாதி கொடுத்த கதை அது. நம்புகிறவர் நம்பட்டும், அது அவரவர் விருப்பம். நாம் கேட்பது ஒன்றுதான்: பாதி உடம்பைக் கொடுத்த சாமியை வணங்கிவிட்டு வருகிறவன், தன் மனைவியின் முழு உடம்பும் தனக்கே சொந்தம் என்று எப்படிச் சொல்கிறான்?

ஆகவே, மாதாந்தரப் பரிசோதனைக்கு மனைவியோடு கணவனும் போகட்டும். அவள் கேட்கக் கூசுவதை அவன் கேட்கட்டும். சங்கக் கிளைகள் கிராம சுகாதாரச் செவிலியரை அழைத்து, ஆண்களையும் உட்காரவைத்து, மாதம் ஒரு மாலை இதைப் பேசட்டும். பிரசவ வார்டில் ஒவ்வொரு தாய்க்கும் தனியாக, மறைப்புக்குள் உட்கார்ந்து ஆலோசனை தர ஆளும் இடமும் வேண்டும் என்று அரசிடம் கேட்போம். இதற்கெல்லாம் முன்பாக, செலவே இல்லாத காரியம் ஒன்று இருக்கிறது. இன்றிரவே அவளிடம், "உனக்கு உடம்பு எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். அவள் சொல்கிற பதிலுக்குக் கட்டுப்படுங்கள்.