வாசலுக்கு வெளியே: எங்கள் தெரு அத்திமரம்

ஊரிலிருந்து யார் வந்தாலும் எங்களைக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "சென்னையிலே காக்காயையும் புறாவையும் தவிர வேறே ஏதாவது கண்ணிலே படுமா?" என்று. கேட்கிறவர்கள் தோப்பும் வாய்க்காலுமாக இருக்கிறவர்கள். நான் பதில் சொல்வதில்லை. விடியற்காலை நாலரை மணிக்கு ஜன்னலைத் திறந்து வைத்துவிடுவேன். அப்புறம் அவர்களே எழுந்து உட்கார்ந்துகொண்டு, "இதென்ன, நம்ம ஊரை விட மோசமா கத்துதே!" என்பார்கள்.

நாங்கள் இருப்பது கோட்டூரில், ஒரு சின்னத் தெருவில், இரண்டாவது மாடி. இந்தப் பக்கத்துக்கு ஒரு அதிர்ஷ்டம், கூப்பிடு தூரத்தில் காடு இருக்கிறது. காடு என்று நான் அலங்காரத்துக்குச் சொல்லவில்லை சகோதரிகளே, நிஜமான காடு. கிண்டி தேசியப் பூங்கா சுமார் 270 ஹெக்டேர். 1978-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். நாட்டிலேயே மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் இது ஒன்று. வெள்ளைக்காரன் காலத்தில் கவர்னருடைய தோட்டமும் வேட்டைக் காடுமாக இருந்த இடம். அதிலிருந்துதான் 1959-ல் ஆரம்பித்த ஐ.ஐ.டி.க்கும் நிலம் கொடுத்தார்கள். ராஜ்பவன், காந்தி மண்டபம், பாம்புப் பண்ணை எல்லாம் அதே பச்சையைச் சுற்றித்தான். உள்ளே வெளிமானும் புள்ளிமானும் திரிகின்றன. கோடிக்கணக்கில் விலை போகிற இந்த ஊர் மண்ணில் இவ்வளவு இடத்தை மானுக்கு விட்டு வைத்திருக்கிறார்களே என்று சர்தார் படேல் ரோட்டில் பஸ்ஸில் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

காட்டுக்குச் சுவர் கட்டலாம், பறவைக்குக் கட்ட முடியுமா? காலையில் சுவரைத் தாண்டி வந்து, எங்கள் தெருக்களில் இருக்கிற வேம்பு, புங்கை, நாவல், மா என்று ஒவ்வொன்றாக விசாரித்துவிட்டு, சாயந்தரம் திரும்பிவிடும். தெருவில் மரம் இருக்கிற வரைக்கும்தான் இந்த வரவு எல்லாம். அதைப் பற்றித்தான் இந்தத் தடவை எழுத உட்கார்ந்தேன்.

என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் அவர்களுக்கு. மாமா 2019-ல் காலமான பிறகு எங்களோடு வந்துவிட்டார்கள். அதற்குள்ளேயே கண்ணில் கோளாறு முற்றியிருந்தது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெட்டுப் போகிற வியாதி, கிளாக்கோமா என்கிறார்கள். வலி கிடையாது. முதலில் பக்கவாட்டுப் பார்வைதான் போகும், நேர்ப் பார்வை நன்றாக இருப்பதால் நமக்கே தெரியாது. அத்தையும் நிலைப்படியில் இடித்துக்கொள்வதை வயசுக் கோளாறு என்றே வருஷக்கணக்கில் விட்டிருக்கிறார்கள். போன பார்வை திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம், அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். (நாற்பதைத் தாண்டிய நாம் எல்லோரும், வீட்டில் யாருக்காவது இந்த வியாதி இருந்தால் கட்டாயமாக, கண் அழுத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும். கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது இதற்குப் போதாது. நானும் வருஷம் ஒரு தடவை போய் வருகிறேன்.)

இங்கே வந்த புதிதில் அத்தை பேச்சையே நிறுத்திவிட்டார்கள். டி.வி. பார்க்க முடியாது. நாலு சுவர். நான் சமையல் வேலையில் இருப்பேன், பிள்ளைகள் காலேஜுக்குப் போய்விடுவார்கள். ஒரு நாள் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்த்தி வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் குரல் வந்தது: "ஏம்மா, இங்கே அத்திமரம் இருக்கா?"

இருந்தது. எதிர்ச் சாரியில், சாக்கடை ஓரம், யாரும் வைக்காமல் தானாக முளைத்துப் பெருத்த மரம். 2016 டிசம்பர் 12 அன்று வந்த வர்தா புயலில் எங்கள் தெருவில் மூன்று மரம் விழுந்தது. இது மட்டும் அசையவில்லை. நான் அதுவரை அதை ஒரு மரம் என்றுதான் பார்த்திருந்தேன். "எப்படித் தெரியும் அத்தை?" என்றேன். "குக்குறுவான் கத்துது, மைனா சண்டை போடுது, பொத்து பொத்துன்னு ஏதோ விழுது, பழ வாடை வருது. வேறே என்ன மரமா இருக்கும்?" என்றார்கள்.

அன்றிலிருந்து எனக்குப் பாடம் ஆரம்பம். செம்மார்புக் குக்குறுவான் கிளியை விடச் சின்னது, பச்சை உடம்பு, நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு. இலைக்குள் உட்கார்ந்தால் கண்ணுக்கே தெரியாது. ஆனால் 'டுக் டுக் டுக்' என்று பாத்திரத்துக்கு ஒடுக்கு எடுக்கிறவன் தட்டுகிற மாதிரி ஒரே தாளத்தில் விடாமல் கத்தும். தவிட்டுக் குருவி ஒன்று வந்தால் ஏழெட்டாகத்தான் வரும். ஒரு ஜோடி குஞ்சு பொரித்தால் கூட்டத்தில் மற்றதுகளும் இரை கொண்டுவந்து ஊட்டும். கூட்டுக் குடும்பம்! எல்லாமும் ஒரே நேரத்தில் பேசுவதைப் பார்த்தாலே புரிந்துவிடும். செம்போத்து 'ஊப் ஊப்' என்று பானைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி அடித்தொண்டையில் கூப்பிடும்.

குயில் விஷயம் எனக்கே புதிது. கவிஞர்கள் பாடுகிற குயிலைப் பெண்ணென்றே நினைத்திருந்தேன். பாடுவது ஆண். அதுதான் கறுப்பு. பெண் குயில் பழுப்பு நிறத்தில் வெள்ளைப் புள்ளியோடு இருக்கும், அதற்குப் பாட்டு வராது, 'கிக் கிக் கிக்' என்று அவசரமாகக் கத்தும். ஆண் போய்க் காக்கையை வம்புக்கு இழுக்கும். காக்கை துரத்திக்கொண்டு போகிற சமயம் பார்த்துப் பெண் வந்து காக்கைக் கூட்டில் முட்டையிட்டுவிடும். குயில் குஞ்சு காக்கைக் குஞ்சுக்கு முன்னாடியே பொரிந்து, முதல் கவளத்தை வாங்கிக்கொள்ளும். "காக்காய்க்கு ஏமாளிப் பட்டமெல்லாம் வேண்டாம், பசின்னு வாயைத் திறந்தா ஊட்டுது, தாய்க்கு வேறே என்ன தெரியும்?" என்பது அத்தையின் கட்சி.

சென்ற ஆண்டு ஏப்ரலில் வந்தது வினை. எங்கள் குடியிருப்பில் கார்கள் கூடிவிட்டன. உள்ளே இடம் போதாமல் எதிரே மரத்தடியில் நிறுத்துகிறார்கள். அத்தி காய்த்துக் கொட்டினால் கொஞ்சநஞ்சமாகவா கொட்டும்? அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கிற மரம். பழம் நசுங்கி ஈ மொய்க்கும், இரவில் வௌவால் வேறு. காரெல்லாம் கறை. கீழ் வீட்டு சார் புதுக் கார் வாங்கிய மறுநாளே வெள்ளைப் பெயின்டில் ஊதாவும் பழுப்புமாகக் கோலம் விழுந்திருந்தது. அவர் கோபம் நியாயமில்லை என்று நான் சொல்ல மாட்டேன். பெருக்குகிற அம்மாளும் பாவம், முதுகு ஒடிகிறது என்றார். மரத்தையே எடுத்துவிடலாம் என்று கூட்டம் போட்டார்கள்.

கூட்டத்துக்கு நானும் போனேன். எனக்கு மேடைப் பேச்சு வராது. தெரிந்ததைச் சொன்னேன். தெருவோர மரம் மாநகராட்சியைச் சேர்ந்தது, அவர்கள் அனுமதியில்லாமல் நாமாக ஆள் வைத்து வெட்ட முடியாது. இரண்டாவது, மேல் கிளையில் காக்கைக் கூடு இருக்கிறது, இப்போது முட்டை வைக்கிற காலம். பட்டுப்போன கிளைதானே, அதையாவது வெட்டலாம் என்பார்கள், அதில்தான் குக்குறுவான் பொந்து குடைந்து குடும்பம் நடத்துகிறது. "பறவைக்காக நாங்க காரைத் தலையிலே தூக்கிக்கணுமா?" என்று ஒருவர் கேட்டார். சிரிப்பு வந்தது எல்லோருக்கும். மரத்தடிக்குப் பக்கத்தில் இஸ்திரி வண்டி போட்டிருக்கிறவர் வாசலில் நின்றுகொண்டு, "ஸார், வெயில் காலத்திலே நிழல் போனா நான் வண்டியை எங்கே தள்ளிக்கிட்டுப் போறது?" என்றார். அவர் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

அப்போதுதான் அத்தை, யார் கூப்பிட்டார்களோ, கைத்தடியோடு என் பையன் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார்கள். "தம்பி, கார் பாழாகுதுன்னா கஷ்டம்தான். எனக்கு இப்போ கடிகாரம் தெரியலே. இந்த மரத்தை வச்சுத்தான் விடிஞ்சுதா, பொழுது சாஞ்சுதான்னு தெரியுது. நான் இருக்கிற வரைக்கும் விட்டுவைங்க" என்றார்கள். அவ்வளவுதான் பேசினது.

ஒரேயடியாக எல்லோரும் மனம் மாறிவிட்டார்கள் என்று கதை விட மாட்டேன். இழுபறிதான். கடைசியில், ஆடி முடிந்து கூடு காலியான பிறகு, கார் நிறுத்துகிற பக்கத்துக் கிளைகளை மட்டும் அனுமதி வாங்கிக் கழிப்பது, பழம் கொட்டுகிற வாரங்களில் காரைத் தெருமுனைக்குக் கொண்டுபோவது, வீட்டுக்கு மாதம் நாற்பது ரூபாய் போட்டுப் பெருக்குகிற அம்மாளுக்குக் கூடுதலாகக் கொடுப்பது என்று முடிவாயிற்று. இரண்டு வீட்டுக்காரர்கள் இன்னும் அந்த நாற்பதைத் தரவில்லை. கீழ் வீட்டு சார் என்னிடம் பேச நாலு மாதம் ஆயிற்று.

ஆகஸ்டில் கிளை கழித்த அன்று சாயந்தரம் அத்தை கேட்டார்கள்: "ஏம்மா, சத்தமெல்லாம் ஒரு பக்கமாவே வருதே, மரம் குறுகிப் போச்சா?" மூன்றில் ஒரு பங்கு போயிருந்தது. ஆமாம் என்றேன்.

அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு விருந்தாளி. ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் சருகு குவிந்து கிடக்கிற மூலையில், வால் குட்டையாக, பச்சை, நீலம், பழுப்பு, அடிவயிறு சிவப்பு என்று சாயப்பட்டறையில் விழுந்து எழுந்த மாதிரி ஒரு பறவை தத்தித் தத்தி நடந்தது. ஆறுமணிக் குருவி! மத்திய இந்தியாவிலும் இமயமலை அடிவாரத்திலும் குஞ்சு பொரித்துவிட்டு, மழை முடிந்ததும் இரவோடு இரவாகப் பறந்து தெற்கே வருகிறது. சில இலங்கை வரைக்கும் போகும். இங்கே வந்து சேரும்போது களைத்துப் போயிருக்கும். வெளிச்சத்தில் தடுமாறிக் கண்ணாடியில் மோதும், காக்கை துரத்தும், வீட்டுக்குள் வந்து விழுவதும் உண்டு. காலை ஆறு, மாலை ஆறு மணி வாக்கில் இரட்டை விசில் அடிப்பதால் அந்தப் பெயர். அத்தை அன்று மாலை அதைக் கேட்டுவிட்டு, "நம்ம கொல்லையிலே வரும், முப்பது வருஷம் ஆச்சு கேட்டு" என்றார்கள். சருகைக் கிளறிப் புழு பூச்சி தின்கிற பறவை இது. அதனால் அந்த மூலையை மட்டும் பெருக்க வேண்டாம் என்று சொல்லி வைத்தேன். பத்து நாள் இருந்தது. பிறகு ஐ.ஐ.டி. பக்கம் போயிருக்கும்.

உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது விழுந்தால், துளை போட்ட அட்டைப் பெட்டியில் பழைய துணி விரித்து அதற்குள் வைத்து, இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் மூடி வையுங்கள். வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். சாயந்தரம் காக்கை அடங்கின பிறகு செடி அடர்ந்த இடத்தில் பெட்டியைத் திறந்தால் தானே போய்விடும். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். அழகாக இருக்கிறதே என்று கூண்டில் வைத்துக்கொள்வது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பச்சைக்கிளிக்கும் இதே சட்டம்தான், ஜோசியக்காரர் கிளி உள்பட.

பறவை பார்க்கக் காடு மேடெல்லாம் அலைய வேண்டும் என்பதில்லை. மா. கிருஷ்ணன் மயிலாப்பூரில் இருந்துகொண்டே 1950 முதல் 1996-ல் மறைகிற வரை ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் இயற்கையைப் பற்றி எழுதி வந்தார். தமிழிலும் எழுதியிருக்கிறார். வீட்டு ஜன்னலிலிருந்து பார்க்கிற காக்கையும் அணிலும் அவர் கட்டுரையில் வரும். வெளியே போக முடிந்தவர்கள் கோட்டூர்புரம் ஆற்றங்கரை மரப் பூங்காவுக்குப் போகலாம். குப்பை கொட்டின இடத்தைத் தொண்டர்கள் மரம் வைத்து மாற்றியது அது. ஜனவரியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போனால், அதிர்ஷ்டமிருந்தால் பூநாரை பார்க்கலாம். 2022-ல் அதற்கு ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. பக்கத்திலேயே குப்பை மேடு, மூக்கைப் பொத்திக்கொண்டுதான் அழகைப் பார்க்க வேண்டும். நம்ம ஊர் அப்படித்தான்.

பறவைக்கு ஏதாவது செய்ய ஆசைப்படுகிறவர்கள் மொட்டை மாடியில் கம்பைக் கொட்டிப் புறாவைக் கூட்டாதீர்கள். புறா எச்சம் காய்ந்து தூளாகி மூச்சில் போனால் சிலருக்கு நுரையீரலே கெட்டுவிடும். கழுவும்போது தண்ணீர் தெளித்து நனைத்து, மூக்கைக் கட்டிக்கொண்டு கழுவுங்கள். தீனியை விடத் தண்ணீர் நல்லது. பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிற மண் தட்டு, அகலமாக, இரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் போகாமல், நிழலில் வையுங்கள். நடுவில் ஒரு கல் போட்டால் தேன்சிட்டு கூட உட்கார்ந்து குடிக்கும். தினமும் கொட்டிவிட்டுத் தேங்காய் நாரால் தேய்த்துப் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும், இல்லையென்றால் கொசுதான் மிச்சம். எங்கள் தட்டுக்கு முதலில் வருவது மைனா, இரண்டாவது அணில். அத்தையின் நாற்காலியிலிருந்து மூன்றடி தள்ளி வைத்திருக்கிறேன். குளிக்கும்போது சிறகடிக்கிற தண்ணீர் அவர்கள் காலில் தெறிக்கிறது.