பன்றிக் கடனும் சினைக் கணக்கும்

வண்டலூர், மண்ணிவாக்கம், படப்பை எனத் தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் சங்கக் கணக்குகளைப் பார்வையிடும்போது, பன்றி வளர்ப்புக்குக் கடன் பெற்ற அங்கத்தினர்களின் பெயருக்கு எதிரே ஒரே விதமான குறிப்பை அடிக்கடி காண்கிறோம். பன்றி சினைப்படவில்லை, ஆகவே தவணைக்கு அவகாசம் வேண்டும் என்பதே அது. பல விண்ணப்பங்கள் அதோடு நில்லாமல், இன்னும் இரண்டு பன்றி வாங்க மேல்கடன் வேண்டும் என்றும் முடிகின்றன. சினைப்படாத பன்றியை வைத்துக்கொண்டு மேலும் பன்றி வாங்குவது எவ்வாறு கடனைத் தீர்க்கும் என்பது நமக்கு விளங்கவில்லை.

சென்ற ஆண்டு ஓர் அங்கத்தினர் தம் இரு தாய்ப்பன்றிகளையும் மலடு என்று கசாப்புக்காரருக்கு விலைபேசிக் கொண்டிருந்தார். குட்டிகளைப் பால் மறக்கச் செய்தது எப்போது, கடைசியாகப் பருவத்துக்கு வந்தது எப்போது என்று கேட்டோம். "சித்திரைக்குப் பிறகு" என்பதற்கு மேல் அவரால் ஒன்றும் சொல்ல இயலவில்லை. அவர் நெசவாளி. எந்தப் பாவு எந்தக் கிழமை தறியேறியது, இதுவரை எத்தனை முழம் இறங்கியது என்று கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லக்கூடியவர். தறி ஒரு நாள் சும்மா நின்றால் அவர் வயிறு எரியும். பன்றி இரண்டு மாதம் சும்மா நின்றது அவர் கவனத்திலேயே இல்லை.

பன்றியின் கணக்கு, நூல் கணக்கைவிட எளியது. சினைக்காலம் 114 நாள். மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று நினைவில் வைக்கலாம். பால் கொடுக்க 56 நாள். பால் மறந்தபின் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் மீண்டும் பருவம் வரும். ஆக 177 நாள்; ஆண்டுக்கு இரண்டு ஈற்று. ஆனால் ஒரு பருவத்தைத் தவறவிட்டால் அடுத்தது 21 நாள் கழித்தே வரும். மூன்று முறை தவறினால் 63 நாள். நாளொன்றுக்கு இரண்டரைக் கிலோ தீவனம் என்றாலும் 157 கிலோவுக்கு மேல் வீணாகிறது. தவணைப் பணம் எங்கே போயிற்று என்று தேட வேண்டியதில்லை, தொட்டியிலேயே போயிற்று.

பருவத்தை அறிவது கடினமன்று. பிறப்புறுப்பு சிவந்து தடிக்கும், பன்றி அமைதியின்றி உலவும், தீனி குறையும், மற்றப் பன்றிகள் மேல் ஏறும். இவை முன்னறிவிப்பு மட்டுமே. இடுப்பின்மேல் இரு கைகளையும் ஊன்றி அழுத்தும்போது அது விலகாமல், காதை விறைத்துக்கொண்டு அசையாமல் நிற்குமானால், அதுவே சேர்க்கைக்குரிய காலம். இந்நிலை இரண்டு, மூன்று நாளே இருக்கும். காலையில் அவ்வாறு நின்றால் அன்று மாலை ஒருமுறையும் மறுநாள் காலை ஒருமுறையும் சேர்ப்பது நல்லது. காலையும் மாலையும் பத்து நிமிடம் கொட்டிலில் நின்று பார்க்காதவர்க்கு இது தெரியவராது. பொழுதுக்கும் தறிக்குழியில் இருப்பவர் வீட்டில் இவ்வேலை பெண்மக்கள் தலையில் விழுகிறது என்பதையும் அறிவோம். ஏட்டில் குறிக்கும் பொறுப்பும் பார்க்கிறவர் கையில் இருப்பதே முறை.

இளம் பன்றியை முதற்பருவத்திலேயே சேர்த்துவிடும் அவசரம் பலரிடம் உண்டு. எட்டு மாத வயதும் 90 கிலோவுக்குக் குறையாத எடையும் வந்து, ஒன்றிரண்டு பருவம் கழிந்தபின் சேர்த்தால் குட்டிகளின் எண்ணிக்கை கூடும். இதற்கு நேர்மாறான தவறும் நம் பகுதியில் உண்டு. தாம்பரம், குரோம்பேட்டை உணவு விடுதிகளின் எச்சில் உணவு மலிவாகக் கிடைப்பதால், பெண்பன்றிகளைக் கொழுக்க வைத்துவிடுகிறோம். கொழுத்த பன்றி கசாப்புக்கு நல்லது, சினைக்கு ஆகாது. அவ்வெச்சிலைக் கொதிக்க வைக்காமல் போடுவது நோயை விலைக்கு வாங்குவதாகும்.

இனி ஆண்பன்றி. குறை கூறப்படுவது எப்போதும் பெண்பன்றியே. விசாரிக்கப்பட வேண்டியது பல வேளைகளில் ஆண்பன்றி. பன்றிக்கு வியர்த்துச் சூடு தணியும் வகையில்லை. நம் கத்திரி வெயிலில், தகரக் கூரையின்கீழ் நிற்கும் ஆண்பன்றியின் விந்து கெட்டுப்போகிறது. ஒரு விந்தணு உருவாகி முதிர்ந்து வெளிவர ஏறக்குறைய ஏழு வாரம் ஆவதால், மே மாதத்து வெயிலின் கேடு ஜூன், ஜூலைச் சேர்க்கைகளில் தெரிகிறது. அப்போது மழை தூறிக் குளிர்ந்திருக்கும். வெயிலை யார் நினைப்பார்? பழி பெண்பன்றிமேல் விழுகிறது. கூரைமேல் கீற்றும், பகலில் மூன்று நான்கு முறை தண்ணீர் தெளிப்பும் பெரிய செலவல்ல.

மேலும், ஒரே ஆண்பன்றியைத் தன் மகள்மேலும் பேத்திமேலும் விடுவதால் ஈற்று சிறுக்கிறது. அதைக் கொட்டில் கொட்டிலாக வாடகைக்கு அனுப்பும் வழக்கமோ அபாயமானது. கருச்சிதைவு உண்டாக்கும் புருசெல்லா நோய் சேர்க்கையாலேயே பரவும். 2020-ஆம் ஆண்டில் அஸ்ஸாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் தோன்றிய ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல், கொட்டில்களையே காலிசெய்யும் கொடுமை படைத்தது.

இதற்குக் கூட்டுறவு வழி ஒன்று உண்டு. மாட்டுக்குச் சினை ஊசி போடுவதை நம் அங்கத்தினர் அனைவரும் அறிவர். பன்றிக்கும் அது இயலும். ஒருமுறை எடுக்கும் விந்தைக் கலவைநீர் சேர்த்துப் பெருக்கினால் பத்துக்கு மேற்பட்ட பன்றிகளுக்குப் போதும். ஆனால் காளை விந்தைப் போல உறையவைத்து ஆண்டுக்கணக்கில் வைப்பது பன்றி விந்துக்கு அவ்வளவாக ஒத்துவராது. 16 முதல் 18 டிகிரி வெப்பத்தில் காத்து, சாதாரணக் கலவைநீராயின் மூன்று நாளுக்குள் பயன்படுத்திவிட வேண்டும். வீட்டுக் குளிர்பெட்டியின் குளிர் அதைக் கொன்றுவிடும். தூரம்தான் இதில் பெரும் தடை. நமக்கோ செங்கற்பட்டுச் சாலையில் காட்டாங்குளத்தூரை அடுத்த காட்டுப்பாக்கத்திலேயே கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. யார்க்ஷயர் வெண்பன்றியின் இரத்தம் முக்காலும் நாட்டுப்பன்றியின் இரத்தம் காலும் சேர்ந்த கலப்பினத்தை உருவாக்கியதும் அதுவே. பக்கத்தில் கிணறு இருக்கத் தாகத்தோடு நிற்கிறோம்.

டென்மார்க்கில் ஹோர்சென்ஸ் நகரத்துக் குடியானவர்கள் 1887-ஆம் ஆண்டிலேயே கூட்டுறவுப் பன்றி இறைச்சிச் சாலை அமைத்தனர். இன்று அந்நாட்டுத் தாய்ப்பன்றி ஆண்டுக்கு 30-க்கும் மேற்பட்ட குட்டிகளைப் பால்குடி மறக்கும்வரை வளர்த்துத் தருகிறது. அவர்கள் இனமும் கொட்டிலும் தீனியும் வேறு. அந்த எண்ணிக்கையை நாம் நாடவேண்டியதில்லை. ஈற்றுக்கு எட்டாக ஆண்டுக்குப் பதினாறு குட்டி தவறாமல் பிழைத்தாலே நம் தவணைகள் ஒழுங்காக வந்துசேரும்.

ஆகவே நம் அபிப்பிராயம் இது. சினை ஏடு வைத்திராத அங்கத்தினருக்குப் பன்றி வாங்க மேல்கடன் வழங்கலாகாது. சேர்த்த தேதி, 21-ஆம் நாள் பார்த்த விவரம், ஈன்ற தேதி, உயிருடன் பிறந்தவை, பால் மறந்த தேதி ஆகியவை போதும். அத்தொகையில் ஒரு பகுதியைக் கொண்டு சங்கம் வெப்பம் காக்கும் பெட்டி ஒன்று வாங்கி, இரண்டு இளைஞர்களைச் சினை ஊசி பழக அனுப்பட்டும். ஊசி பன்றிக்குப் பிடிப்பதில்லை என்பார் உண்டு. பருவமறியாமல் போட்டால் பிடிக்காதுதான். ஆண்பன்றியின் வாடை இல்லாவிடத்தில் பருவமறிவது கடினம் என்பதும் உண்மையே. அதற்கென ஓர் ஆண்பன்றியைச் சங்கத்தின் பொதுக் கொட்டிலில் வைத்து, பெண்பன்றிகளை அங்கு கொண்டுவராமல், பருவத்தில் இருப்பதாக ஐயமுள்ள கொட்டிலுக்கு அதன் சிறுநீர் தோய்ந்த துணியை மட்டும் எடுத்துச் செல்லலாம். அத்துணியையும் கொட்டிலுக்குக் கொட்டில் மாற்றிவிட வேண்டும்.

முன்னே சொன்ன நெசவாள அங்கத்தினரை 21 நாள் பொறுக்கச் சொல்லி, கால்நடை மருத்துவரிடம் காட்டச் செய்தோம். ஒரு பன்றி உண்மையிலேயே மலடு. அதை விற்றது சரியே. மற்றொன்று பதினேழாம் நாள் பருவத்துக்கு வந்தது. அவர் மனைவி பாவுக் கணக்கு எழுதும் ஏட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி குறித்து வைத்தார். 115-ஆம் நாள் விடியலில் அது ஒன்பது குட்டி ஈன்றது.