கொள்ளை வெள்ளியில் முழு எடை நாணயம்

முப்பதாண்டுப் போர்க்கால நாணயங்களைச் சேகரிப்பவர்கள் அலுக்காமல் சொல்லும் கதை இது. பிரவுன்ஷ்வைக் டியூக் கிறிஸ்டியான் 1622இல் பாடர்போர்ன் பேராலயத்துக்குள் நுழைகிறார். அங்கே வெள்ளியில் செய்த பன்னிரண்டு அப்போஸ்தலர் சிலைகள். "உலகெங்கும் போகச் சொன்னால் இங்கே சும்மா நிற்கிறீர்களே!" என்று அதட்டி, அவற்றை உருக்கித் தாலர் நாணயங்களாக அடித்து அனுப்பிவிடுகிறார். நாணயத்தில் பொறித்த வாசகம்: 'கடவுளின் நண்பன், பாதிரிகளின் பகைவன்'. மதவெறி பிடித்த ஒரு குட்டி டியூக், தன் நாட்டின் பேரில் அடித்துவிட்ட கள்ளக்காசு என்று கதையை முடிப்பார்கள்.

கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் நாட்டின் பேரில் என்பதே சரியில்லை. பிரவுன்ஷ்வைக்-வோல்ஃபன்பியூட்டல் டச்சியை அப்போது ஆண்டவர் அண்ணன் ஃபிரீட்ரிக் உல்ரிக். டியூக் பட்டம் அந்தக் குடும்பத்தில் தம்பிகளுக்கும் உண்டு, அவ்வளவே. நாணயம் அடிக்கப்பட்ட லிப்ஸ்டாட் நகரமோ வெஸ்ட்ஃபாலியாவில், டச்சிக்கு வெளியே, கிறிஸ்டியானின் படை பிடித்து வைத்திருந்த ஊர்.

சிலைக் கதையும் ஓரிடத்தில் நிற்பதில்லை. சிலர் அதை மியூன்ஸ்டரில் நடந்ததாகச் சொல்கிறார்கள். அந்த நகரை அவர் பிடித்ததே இல்லை. இதே வேடிக்கைப் பேச்சை ஆங்கிலேயர்கள் கிராம்வெல் வாயிலும் வைத்திருக்கிறார்கள். பாடர்போர்னில் பறிபோனதாக உறுதியாகத் தெரிவது புனித லிபோரியுஸின் பேழையும் பேராலயத்தின் வேறு வெள்ளிப் பொருள்களும். போதாக்குறைக்கு, கொளுத்திவிடுவோம் என்று மிரட்டி ஊர்களிடம் கறந்த பணம் வேறு.

கள்ளக்காசு என்பதுதான் பெரிய அநியாயம். அந்த ஆண்டுகளை ஜெர்மானியர்கள் 'கிப்பர்-விப்பர்' காலம் என்பார்கள். 1619 முதல் 1623 வரை மன்னர்களே சில்லறைக் காசில் செம்பைக் கலந்து தள்ளினார்கள். தென் ஜெர்மானிய நகரங்களில் ஏறத்தாழ 90 குரோய்ட்சராக இருந்த ஒரு தாலரின் விலை 1622 தொடக்கத்தில் 600ஐத் தொட்டது. இந்தக் கலப்படத்தில் முன்வரிசையில் நின்றது, வேடிக்கையைப் பாருங்கள், அண்ணன் ஆண்ட அதே டச்சி! ஃபிரீட்ரிக் உல்ரிக்கின் அதிகாரிகள் ஊருக்கு ஊர் காசுப் பட்டறை திறந்து மட்டக் காசை அடித்துக் குவித்தார்கள். தம்பியின் தாலரோ புனித ரோமப் பேரரசின் விதிக்கு ஒத்த தரம்: சுமார் 29 கிராம் எடை, அதில் ஏறக்குறைய 26 கிராம் தூய வெள்ளி. சட்டப்படி ஆண்டவரின் காசு மட்டம், கொள்ளையடித்தவரின் காசு சுத்தம்.

இதற்கு நேர்மை காரணமில்லை. சம்பளத்துக்குச் சண்டை போடுகிறவனிடம் செம்புக் காசை நீட்டினால் மறுநாளே அவன் எதிரி முகாமுக்குப் போய்விடுவான்.

மதவெறிக்கு வருவோம். ஹால்பர்ஷ்டாட் மறைமாவட்டத்தின் நிர்வாகியாகப் பதின்ம வயதிலேயே பதவியேற்றவர் கிறிஸ்டியான்; அதாவது பழைய பிஷப்புகளின் நாற்காலியில் உட்கார்ந்து திருச்சபை நிலங்களின் வருமானத்தில் வாழ்ந்த புராட்டஸ்டண்ட். கத்தோலிக்கக் குருமார்மேல் அவருக்கு வெறுப்பு இருந்தது உண்மை. ஆனால் வாசகத்தின் முதல் பாதி அவர் கண்டுபிடித்ததல்ல. 1400 வாக்கில் வட கடலில் திரிந்த கொள்ளையர்கள் தங்களைக் 'கடவுளின் நண்பர்கள், உலகத்தின் பகைவர்கள்' என்று சொல்லிக்கொண்டவர்கள். பழைய வீராப்பைத் திருத்தி ஆள்சேர்ப்பு விளம்பரமாக்கியிருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இதையெல்லாம் சொல்வது அவரை நல்லவராக்க அல்ல. பேழையோடு புனிதரின் எலும்புகளையும் தூக்கிப் போனவர் அவர். 1627இல்தான் அவை பாடர்போர்னுக்குத் திரும்பின. நாணயம் எதற்கு அடிக்கப்பட்டது என்பதே இங்கே கேள்வி. 1622 ஜூனில் ஹோக்ஸ்ட் அருகே மைன் ஆற்றைக் கடக்கையில் கத்தோலிக்கத் தரப்புத் தளபதி டில்லி அவர் படையை நொறுக்கினார். ஆட்களையும் மூட்டை முடிச்சுகளையும் இழந்த கிறிஸ்டியான் அக்கரைக்குப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது பணப்பெட்டியைத்தான்.