குண்டுக் கணக்கு

கடலூர்க்காரர்களுக்குக் குண்டு சாலை தெரியும், குண்டு உப்பலவாடி தெரியும். யாரோ குண்டான ஆசாமியின் நினைவாக வைத்த பேர் என்று இதுவரை நினைத்துக் கொண்டிருந்தவர்கள் மன்னிக்கவும். 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியபோது, சுற்றி எவ்வளவு நிலம் சேர்த்தி என்பதற்கு யாரும் சங்கிலி பிடித்து அளக்கவில்லை. கோட்டையிலிருந்து பீரங்கியால் நாலா பக்கமும் சுடுவது, குண்டு விழுகிற தூரம் வரை கம்பெனிக்கு. அவ்வளவுதான் பத்திரப் பதிவு! அப்போது சென்னை கவர்னர் எலிஹு யேல் (அமெரிக்காவில் யூனிவர்சிட்டிக்குப் பேர் கொடுத்த அதே புண்ணியவான்). வளைத்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பேர் வந்துவிட்டது.

எனக்கு அந்தப் பீரங்கிக்கு மருந்து கெட்டித்த ஆளைப் பற்றித்தான் யோசனை. ஒரு பிடி கூடப் போட்டால் ஒரு கிராமம் கூடக் கிடைக்கும். ரெண்டு பிடி கூடப் போட்டால் பீரங்கியும் ஆளும் சேர்ந்து கிராமத்துக்குப் போய்ச் சேரலாம்.

அந்த மருந்து அளக்கிற வேலையை இன்றைக்கு டெக்ஸாஸில் தன் வீட்டு கராஜில் உட்கார்ந்து செய்கிறான் என் சிநேகிதன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் என்னோடு பி.காம். படித்தவன். சிதம்பரத்துப் பையன். கொசு அடிக்கக்கூட யோசிப்பான். இப்போது சனிக்கிழமை தோறும் பிஸ்டல் போட்டிக்குப் போகிறான். அங்கே தோட்டாவைக் கடையில் வாங்காமல் வீட்டிலேயே தயாரிப்பது சாதாரணம். சொந்த உபயோகத்துக்கு லைசென்ஸ் வேண்டாம், விற்றால்தான் வேண்டும்.

சுட்ட பிறகு தோட்டாவில் மிச்சம் இருப்பது பித்தளைக் கூடு. மொத்தத்தில் விலை கூடின ஐட்டம் அதுதான். அதைத் தூக்கிப் போட மனசு வராதவர்கள் பழைய பிரைமரைத் தட்டி எடுத்து, உப்பிய கூட்டை அச்சில் அமுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டு வந்து, புது பிரைமர், மருந்து, ஈயக் குண்டு வைத்து மூடுகிறார்கள். இதற்குப் பேர் ரீலோடிங். கருவியின் பேர் பிரஸ். பார்க்க, கைப்பிடி வைத்த முறுக்கு அச்சுக்குப் பெரியப்பா மாதிரி இருக்கும்.

போன ஞாயிறு காலை போன். "மாப்ள, ஒரு கணக்குப் போட்டுச் சொல்லுடா. பழைய பிரஸ் சிங்கிள் ஸ்டேஜ். ப்ரொக்ரெஸிவ் வாங்கலாம்னு இருக்கேன்."

வித்தியாசம் புரிய ஒரு கல்யாணப் பந்தியை நினைத்துக் கொள்ளுங்கள். சிங்கிள் ஸ்டேஜ் என்பது ஒரே ஆள் பரிமாறும் பந்தி. முதலில் எல்லா இலைக்கும் உப்பு. திரும்பி வந்து எல்லா இலைக்கும் ஊறுகாய். அப்புறம் பொரியல். கடைசி இலைக்கு ரசம் வருவதற்குள் முதல் இலைக்காரர் பஸ் ஏறியிருப்பார். ப்ரொக்ரெஸிவில் ஆட்கள் நின்ற இடத்திலேயே நிற்பார்கள், இலை நகரும். கைப்பிடியை ஒரு தடவை இழுத்தால் ஒரு கூட்டில் பழைய பிரைமர் வெளியே போகும், இன்னொன்றில் மருந்து விழும், அடுத்ததன் தலையில் குண்டு உட்காரும். ஒரு இழுப்புக்கு ஒரு முழுத் தோட்டா டப்பாவில் 'டிங்' என்று விழும். சிங்கிள் ஸ்டேஜில் இவனுக்கு மணிக்கு ஐம்பது. ப்ரொக்ரெஸிவில் நிதானமாகவே நானூறு.

இவன் போட்டு வைத்திருந்த கணக்கு இது: கடைத் தோட்டா 26 சென்ட், வீட்டுத் தோட்டா 18 சென்ட், மிச்சம் 8. புது பிரஸ், மேல்சாமான் எல்லாம் சேர்த்து ஆயிரம் டாலர். ஆக, 12,500 தோட்டாவில் போட்ட பணம் வந்துவிடும். மாசம் 200 சுட்டால் அஞ்சு வருஷம் ரெண்டு மாசம்.

"அந்த 8 சென்ட் இப்பவே மிச்சமாகுதாடா?" என்றேன்.

"ஆமா."

"பழைய பிரஸ் மிச்சம் பிடிச்சுக் கொடுத்ததை எதுக்குப் புதுப் பிரஸ் கணக்குல வரவு வைக்கிறே?"

டெக்ஸாஸில் சற்று நேரம் மௌனம். பிரைமரும் மருந்தும் குண்டும் எந்த பிரஸ்ஸில் போட்டாலும் அதே விலைதான். புது மிஷின் ஒரு சென்ட்கூடக் கூடுதலாக மிச்சம் பிடிக்காது. மிச்சம் பிடிப்பது நேரம். மாசம் நாலு மணி நேரம் பிடித்த வேலை அரை மணியில் முடியும். வருஷத்துக்கு 42 மணி, அஞ்சு வருஷத்துக்கு 210 மணி. ஆயிரம் டாலரை வகுத்தால் ஒரு மணி நேரம் அஞ்சு டாலருக்கும் கீழே. அந்த ஊரில் இந்த விலைக்கு நல்ல காபியே சந்தேகம். அந்த நேரத்தில் மகளோடு சைக்கிள் விடுவான் என்றால் தாராளமாக வாங்கலாம்.

ஆனால் விட மாட்டான். இதில் ஈடுபட்ட யாரும் பணம் மிச்சம் பிடித்ததாகச் சரித்திரம் இல்லை, கூடச் சுடுகிறார்கள். அன்லிமிடெட் மீல்ஸ் வாங்கியவன் கதைதான். 200 சுட்டவன் 500 சுட்டால், அதிகப்படி 300-க்கு மாசம் 54 டாலர். இதை அவன் மனைவியிடம் நான் சொல்லப் போவதில்லை.

சரி, எதை வாங்குவது? இங்கேதான் கட்சி அரசியல். டில்லன் நீலம், ஹார்னடி சிவப்பு, ஆர்.சி.பி.எஸ். பச்சை. ஒரு கலர்க்காரர் இன்னொரு கலரை ஒப்புக்கொண்டால் நாக்கு அழுகிவிடும். லீ கம்பெனியும் சிவப்புதான். விலை குறைவு, ஆனால் அடிக்கடி திருகித் திருகிச் சரி பண்ணுகிற பொறுமை வேண்டும். பழைய லாம்ப்ரெட்டா வைத்திருந்தவர்களுக்குச் சுலபமாகப் பழகிவிடும். என் சிநேகிதன் நீலக் கட்சி. டில்லனில் 550-ஆ, 650-க்குப் பதிலாக 2019-ல் வந்த 750-ஆ என்று ஆறு மாசமாகத் தூக்கம் இல்லை.

550-ல் நாலு நிலையம். இலையை அடுத்த ஆளிடம் நாம்தான் கட்டைவிரலால் நகர்த்த வேண்டும். 750-ல் ஐந்து, தானே நகரும். கூடு ஊட்ட மோட்டாரும் மாட்டலாம். பல அளவுத் தோட்டா மாற்றி மாற்றிச் செய்கிறவனுக்கு 550 சௌகரியம், மாற்றுச் சாமான் செலவு குறைவு. இவனுக்கு ஒரே அளவு, 9 மில்லிமீட்டர்.

எனக்கு விலையைவிட அந்தக் கட்டைவிரல்தான் கவலை. கைப்பிடியை இழுத்தாகிவிட்டது, போன் அடிக்கிறது, எடுத்துப் பேசிவிட்டு வந்து மறுபடி இழுக்கிறான். நகர்த்தினானா? மறந்திருந்தால் அதே கூட்டில் ரெண்டாவது தடவை மருந்து. பந்தியில் சாம்பார் ரெண்டு தடவை விழுந்தால் வேட்டியோடு போகும். இங்கே பிஸ்டல் கையிலேயே வெடிக்கும். பிஸ்டல் மருந்து பல வகைகளில் பாதிக் கூட்டைக்கூட நிரப்பாது, அதனால் ரெட்டை மருந்து வழிந்து காட்டிக் கொடுக்காது. மருந்தே விழாவிட்டால் இன்னொரு வினை: பிரைமர் மட்டும் குண்டைத் தள்ளிக் குழலுக்குள் பாதியில் நிறுத்திவிடும். தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் அதன் பின்னால் போய் முட்டும். 750-ன் மூன்றாவது நிலையத்தில் மருந்து அளவு பார்த்து, தப்பென்றால் கத்துகிற ஒரு அலாரம் வைக்கலாம். அடுப்பில் பாலை வைத்துவிட்டு கிரிக்கெட் ஸ்கோர் கேட்கப் போகிற ஆசாமி இவன். ஹாஸ்டலில் நானே பார்த்திருக்கிறேன். ஆகவே 750, அலாரத்தோடு.

அதற்கும் முன்னால் ஒன்று. பிரஸ்ஸுக்குள் மாட்டுகிற சின்ன விளக்கு. சில டாலர்தான். ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் குனிந்து மருந்தைக் கண்ணால் பார்த்த பிறகே குண்டு. மோட்டார், ரோலர் கைப்பிடி எல்லாம் அப்புறம். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் குழந்தையைத் தூக்காதே என்றும் சொன்னேன்.

"சரி, பழைய பிரஸ்ஸை அடுத்த தடவை வர்றப்ப சிதம்பரம் வீட்ல கொண்டு வந்து வெச்சிடறேன். அப்பாவோட பரண்ல கிடக்கட்டும். ரிட்டயர் ஆயி வந்தா பொழுது போகும்ல?"

எனக்கு வயிற்றைக் கலக்கியது. நம் 1959 ஆயுதச் சட்டத்தில் 'தோட்டா' என்ற சொல்லுக்கான விளக்கத்திலேயே, தோட்டா செய்கிற இயந்திரமும் அடக்கம். அதாவது, மருந்தும் குண்டும் இல்லாமல் பரணில் தூசி படிந்து கிடக்கும் அந்த இரும்பே சட்டத்தின் கண்ணில் தோட்டா! லைசென்ஸ் இல்லாமல் தயாரித்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சம் ஏழு வருஷம், அதிகபட்சம் ஆயுள். பென்ஷன் வாங்கும் அப்பாவுக்கு இது தேவையா?

நம்மூரில் வெடிக்கு வெடி கையால் மருந்து கெட்டித்தவர்கள் நரிக்குறவர்கள். குழலின் வாய் வழியாக மருந்து, அடைப்பு, ரவை என்று ஒவ்வொன்றாக இறக்கிக் கம்பியால் குத்துகிற நாட்டுத் துப்பாக்கி. பயிர்ப் பாதுகாப்புக்கு அந்த ரகத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தர இன்றும் சட்டத்தில் இடமுண்டு. 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை முடித்து வைத்தது. பழங்குடிப் பட்டியலில் சேர 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சட்டம் தொழிலை எடுத்த வேகத்தில் பாதி வேகத்திலாவது பட்டியலில் சேர்த்திருக்கலாம்.

சிநேகிதனிடம் பழைய பிரஸ்ஸை விற்கவும் வேண்டாம் என்றேன். புது அளவில் பத்துத் தோட்டா செய்து பார்க்க, அளவு சரியில்லாத ஒன்றிரண்டை மறுபடி அமுக்க, மெதுவான மிஷின்தான் லாயக்கு. கராஜ் மூலையிலேயே இருக்கட்டும். ஒத்துக்கொண்டான். இப்போதைக்கு விளக்கு மட்டும் ஆர்டர் பண்ணியிருக்கிறான். 750 டாக்ஸ் ரீஃபண்ட் வந்த பிறகாம். என்ன கலர் என்று மனைவி கேட்டிருக்கிறாள்.