தரைக்கடியில் 3,600 துளைகள்

பிரான்சில் ஆன்சி ஏரிக்கரையில் தல்வார் என்றொரு சிற்றூர். 1990 அக்டோபரில் பல நாடுகளைச் சேர்ந்த 22 பல்கலைக்கழகத் தலைவர்கள் அங்கே கூடினார்கள். அழைத்தவர் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத் தலைவர் ழான் மேயர், சத்துணவு அறிஞர். பாடம், ஆராய்ச்சி, வளாக நிர்வாகம் மூன்றிலும் சுற்றுச்சூழலுக்கு இடம் தருவோம் என்று 10 அம்சப் பிரகடனம் ஒன்று அங்கே தயாரானது. இன்று அதில் கையொப்பமிட்ட கல்வி நிறுவனங்கள் 500-ஐத் தாண்டும்.

கையொப்பத்துக்கும் மதிப்பு உண்டு. நாளைக்கு ஒரு மாணவர் அந்தத் தாளை நீட்டி, "என்ன செய்தீர்கள்?" என்று கேட்கலாம் அல்லவா? பதிலைத் தேடிப் பட்டமளிப்பு மேடைக்குப் போக வேண்டாம். வளாகத்தின் பின்பக்கம் போய்க் கொதிகலன் அறையைப் பார்த்தால் போதும்.

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் மன்சி நகரில் இருக்கிறது பால் ஸ்டேட் பல்கலைக்கழகம். சுமார் 20,000 பேர் படிக்கும் இடம். குளிர்காலத்தில் வெளியே நின்றால் மூச்சு உறையும் ஊர். கட்டடங்களைச் சூடாக்க அங்கே 4 கொதிகலன்கள் ஆண்டுக்கு ஏறக்குறைய 36,000 டன் நிலக்கரியை எரித்துக்கொண்டிருந்தன. நான்குமே அரை நூற்றாண்டு கண்டவை. மாற்றியே ஆக வேண்டிய கட்டாயம் வந்தபோது, பழைய கொதிகலனை எடுத்துவிட்டுப் புதிய கொதிகலன் வைப்பதாகத்தான் முதல் திட்டம் இருந்தது. அதற்கு அரசுப் பணமும் கிடைத்தது. ஆனால் ஒப்பந்தப்புள்ளிகளைத் திறந்தால், தொகை எட்டாத உயரத்தில் நின்றது.

அப்போது தலைவராக இருந்தவர் ஜோ ஆன் கோரா. அமெரிக்கக் கல்லூரித் தலைவர்களின் பருவநிலை உறுதிமொழியில் ஏற்கெனவே கையொப்பமிட்டிருந்தவர். கொஞ்சம் செலவைக் குறைத்து, அதே கொதிகலனைச் சின்னதாக வாங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பல்கலைக்கழகம் வேறு முடிவெடுத்தது. நிலக்கரியையே விட்டுவிடுவது, பூமிக்கடியில் இருக்கும் வெப்பத்தை எடுத்துக்கொள்வது.

இதன் சூட்சுமம் கிராமத்தில் கிணற்றடியில் குளித்தவர்களுக்குத் தெரியும். மார்கழி விடியலில் இறைத்த தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். சித்திரை நண்பகலில் அதே கிணற்றுத் தண்ணீர் சில்லென்று இருக்கும். மேலே வெயிலும் பனியும் மாறினாலும் ஆழத்தில் மண்ணின் சூடு அதிகம் மாறுவதில்லை. மன்சியில் அது ஏறத்தாழ 13 டிகிரி செல்சியஸ். நாம் போர்வெல் போடுவதைப் போலத் துளை போட்டு, அதில் வளையமாகக் குழாயை இறக்கி, தண்ணீரைச் சுற்றவிடுகிறார்கள். நிலத்தடி நீரை ஒரு சொட்டும் உறிஞ்சுவதில்லை. குழாய்க்குள் இருக்கும் நீரே போய்ப்போய் வருகிறது. குளிர்காலத்தில் அது மண்ணின் வெப்பத்தைச் சுமந்து மேலே வருகிறது. பெரிய வெப்பப் பம்புகள் அதைக் கூட்டிக் கட்டடங்களுக்கு அனுப்புகின்றன. கோடையில் கட்டடத்தின் வெப்பம் மண்ணுக்குத் திரும்புகிறது.

2009-ல் தோண்டத் தொடங்கினார்கள். 400, 500 அடி ஆழத்தில் சுமார் 3,600 துளைகள். விளையாட்டு மைதானங்கள், கார் நிறுத்துமிடங்கள் எல்லாம் சேறும் குழியுமாகக் கிடந்தன. மேலே புல் முளைத்து மூடிய பிறகு, அங்கே ஒன்று நடந்த அடையாளமே இல்லை. சுமார் 8 கோடி டாலர் செலவு. பல்கலைக்கழகத்தின் கணக்குப்படி ஆண்டுக்கு 20 லட்சம் டாலர் மிச்சம். திறப்பு விழாவில் கைகாட்டிப் பெருமைப்பட ஒரு கோபுரம்கூட இல்லாத வேலைக்கு இவ்வளவு பணத்தை ஒதுக்க, உண்மையான அக்கறை வேண்டும்.

நிலக்கரி எரிப்பது 2014 மார்ச்சில் நின்றது. அதே ஆண்டில் கோரா ஓய்வு பெற்றார், 10 ஆண்டு தலைமைக்குப் பிறகு. தமிழ்நாட்டில் ஒரு துணைவேந்தரின் பதவிக்காலம் 3 ஆண்டு. துளை போட்டு முடிப்பதற்குள் ஆள் மாறிவிடுவார். இங்கே இப்படியொரு பணியைத் தொடங்குபவர், அடுத்து வருபவரையும் கட்டுப்படுத்தும்படி ஆட்சிக்குழுத் தீர்மானமும் நிதி ஒதுக்கீடும் செய்து வைத்துவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழ வேண்டும்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் கதையும் கவனிக்க வேண்டியது. 10 வளாகங்களும் 2025-க்குள் கார்பன் சமநிலை எட்டும் என்று 2013-ல் அறிவித்தார் அதன் தலைவர் ஜேனட் நபோலிட்டானோ. எட்ட வேண்டுமானால் வேறெங்கோ நடக்கும் குறைப்பைக் காசு கொடுத்து வாங்கிக் கணக்கில் சேர்க்க வேண்டியிருந்தது. 2023-ல் அந்த இலக்கையே மாற்றினார்கள்: 2045-க்குள் சொந்த வளாகங்களின் உமிழ்வில் 90 சதவீதத்தைக் குறைப்பது. தேதி தள்ளிப்போனதில் வருத்தம்தான். ஆனாலும் இந்த இரண்டாவது வாக்குறுதியே நேர்மையானது; இதை வாங்க முடியாது, செய்துதான் காட்ட வேண்டும்.

பால் ஸ்டேட்டிலும் வேலை முடிந்துவிடவில்லை. அந்த வெப்பப் பம்புகள் ஓட மின்சாரம் வேண்டும். நிலக்கரி நின்ற அந்த 2014-லும் இண்டியானாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அதனால் வளாகத்தின் உமிழ்வு ஏறக்குறைய பாதிதான் குறைந்தது. மீதிப் பாதி, கோராவுக்குப் பின் வந்தவர்களின் மேசையில் இருக்கிறது.